மேல் வலி என்றால் எங்கே வலி?

போன சனிக்கிழமை காலை, எங்கள் புடவைக்கடையில் ஸ்கூல் யூனிபோர்ம் துணி வெட்டிக்கொண்டிருந்த மகேஸ் கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். கையில் போன். முகத்தில் ரத்தமே இல்லை.

“டீச்சர், நீங்க ரஷ்யா பாஷ பேசுவீங்கதானே?”

ஓப்பநாயக்க கடைவீதியில் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகத்தான் சொல்வேன் — யாரும் கேட்காதபோது. இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... ‘நான் ரஷ்யாவில் படித்தபோது’ என்று அவ்வப்போது ஆரம்பிக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது.

“பேசுவேன். ஏன்?”

“எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியலயாம். அங்க நர்ஸம்மா என்னமோ கேக்குறாங்களாம், அவருக்கு ஒன்னும் வெளங்கல. லைன்லதான் இருக்காங்க. கொஞ்சம் பேசுங்க டீச்சர்.”

போன் என் கைக்கு வந்துவிட்டது. இனிப் பின்வாங்க முடியுமா?

மகேஸ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். என் தம்பியின் இந்தக் கடையில் வேலை செய்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு நானும் காலையில் வந்து காசு மேசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் கணவர் ராஜேந்திரன் தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர். போன வருடம் ரஷ்யாவுக்குப் போனார். வொல்கா நதிப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் காய்கறிக் கிடங்கு. அங்கே உருளைக்கிழங்குச் சாக்கு. நாடு மாறியது, குளிர் வந்தது, சாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

வட்ஸ்அப் திரையில் கிடங்கு விடுதியின் மருத்துவ அறை தெரிந்தது. கட்டிலில் ராஜேந்திரன். கழுத்து வரைக்கும் போர்வை. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வெள்ளைக் கோட்டுக்கு மேல் கம்பளிச் சால்வை. கலீனா பெத்ரோவ்னா என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த ஊர் மரியாதை அது — பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. பேச ஒரு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி.

விஷயத்தைக் கடகடவென்று சொன்னார். விடியற்காலையில் இருந்து இந்த மனிதர் வாந்தி எடுக்கிறார். என்ன வலிக்கிறது என்று கேட்டால் போனில் ஒரு சொல்லைத் தட்டிக் காட்டுகிறார். ‘தேலா’. அதாவது உடம்பு. உடம்பு முழுக்கவா? தலையாட்டுகிறார். காய்ச்சல் பார்த்தேன், பெரிதாக இல்லை. போர்வையை எடுக்க விடமாட்டேன் என்கிறார். என் ராத்திரி வேலை நேரம் முடிகிறது, இன்று சனிக்கிழமை, இனி திங்கட்கிழமைதான் இந்த அறை திறக்கும். சளிக்காய்ச்சல் மாதிரி இருக்கிறது, மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கட்டுமா? ஆனால் இவர் முகத்து நிறம் எனக்குப் பிடிக்கவில்லை...

எனக்கும் பிடிக்கவில்லை. சாம்பல் பூசின மாதிரி இருந்தார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் ரஷ்ய மொழி மண்ணைப் பற்றியது. நான் படித்தது மண் வேதியியல். களிமண், செம்மண், புளித்த மண் என்று கேளுங்கள், அரை மணி நேரம் தங்குதடை இல்லாமல் பேசுவேன். மனித உடம்பு? அது நான் படித்த பாடத்தில் இல்லை.

உடம்புச் சொற்களை நான் கற்றுக்கொண்டது மொழி வகுப்பிலும் ஹொஸ்டலிலும்தான். மொழி வகுப்பு ஆசிரியைக்குக் கவிதை என்றால் உயிர். அதனால் ‘கிளாஸா’ என்றால் கண், ‘ஓச்சி’ என்றால் விழி என்று எங்களுக்கு முதல் மாதமே தெரியும். ‘லித்ஸோ’ முகம், ‘லீக்’ திருமுகம். ஹொஸ்டல் பையன்களிடம் மூன்றாவதாக ஒரு சொல்லையும் பிடித்துக்கொண்டேன்... ‘மோர்தா’. அதுவும் முகம்தானே என்று நினைத்து, உணவறை அம்மாவிடம் உங்கள் மோர்தா அழகாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். மூஞ்சி என்று சொல்லியிருக்கிறேன்! அன்று எனக்கு சூப்பில் இறைச்சி விழவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் ராஜாக்கள். ‘ரூகா’ என்றால் தோளில் இருந்து விரல் நுனி வரைக்கும் எல்லாம் கை. ‘நகா’ என்றால் இடுப்புக்குக் கீழே பாதம் வரைக்கும் எல்லாம் கால். ‘பாலெத்ஸ்’ கையில் இருந்தாலும் காலில் இருந்தாலும் விரல்தான். நம்ம ஆட்கள் நினைக்கிற மாதிரியே! ஆங்கிலம் பேசுகிற மாணவர்கள் மணிக்கட்டுக்கு மேலா கீழா என்று குழம்பிக்கொண்டிருக்க, நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். கழுத்துக்கு ‘ஷேயா’, தொண்டைக்கு ‘கோர்லா’ — நம்மைப் போலவே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

வயிற்றில்தான் வழி பிரியும். நமக்கு எல்லாமே வயிறு. அவர்களுக்கு வெளியே தெரிகிற வயிறு ‘ஷிவோத்’. உள்ளே சோறு போய்ச் சேருகிற பை ‘ஷெலூதக்’. இரண்டையும் மாற்றிச் சொன்னால் வகுப்பில் ஒரு மார்க் போகும். அவ்வளவுதானே என்று அன்றைக்கு இருந்துவிட்டேன்.

“ராஜேந்திரன், நான் டீச்சர் பேசுறேன். என்ன செய்யுது?”

“ஒன்னுமில்லீங்க டீச்சர். சும்மா மேல் வலி.”

“வாந்தி எடுத்தீங்களாமே?”

“அது... குளுருக்கு டீச்சர். படுத்தா சரியாப் போயிரும். அந்தம்மாவ வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, பாவம்.”

சொல்லி முடிப்பதற்குள் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கலீனா பெத்ரோவ்னா என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார்? நான் என்ன சொல்வது? மேல் வலிக்கு ரஷ்ய மொழியில் ‘தேலா’தான் சரி. அவர் தட்டிக் காட்டியதில் தவறே இல்லை. நான் இருபது வருடம் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேவிட்டேன்.

மகேஸ் என் கையைப் பிடித்தாள்.

“டீச்சர், அவரு மேல் வலின்னு சொன்னா அத அப்புடியே சொல்லிறாதீங்க.”

“ஏன், மேல் வலின்னா உடம்பு வலிதானே?”

“தோட்டத்துல அது வேற டீச்சர். காலைல பெரட்டுல நிக்கிறப்ப முடியலன்னு சொன்னா டிஸ்பென்சரிக்கு அனுப்புவாங்க. அங்க போயி இடுப்பு, வயிறுன்னு எடத்த சொன்னோம்னா டவுன் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுத்துருவாங்க. அன்னைக்குப் பேரு போச்சு. மேல் வலின்னா ரெண்டு பனடோல். முழுங்கிட்டு மலைக்கு வேலைக்குப் போயிறலாம். அதான் நாங்க எல்லாருமே மேல் வலின்னுதான் சொல்றது. இவருக்குக் கால் வெரல்ல சாக்குத் தராசு விழுந்து நகமே பேந்து போச்சு. அன்னைக்கும் மேல் வலின்னுதான் சொன்னாரு!”

பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். பேரு விழுந்தால்தான் அன்றைய நாள் கணக்கில் சேரும். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். கடைவீதியில் பிறந்து வளர்ந்தவள், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாழ்நாள் பூராவும் பாடம் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் வலிக்குப் பெயர் வைப்பதில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர்கள் சிங்களத்தில் முதலில் சொல்வது ‘ஏங்க ரிதெனவா’ — உடம்பு வலிக்கிறது. மகேஸ்தான் சொன்னாள். ரஷ்யாவுக்குப் போனதும் அதே சொல்லைப் போனில் தேடியிருக்கிறார் மனிதர். மொழி தெரியாமல் இல்லை. அந்தச் சொல்லைத்தான் அவர் வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறார்.

“ராஜேந்திரன், இங்க பாருங்க. அங்க பெரட்டும் இல்ல, பேரும் இல்ல. அந்தம்மா உங்கள கணக்குல வெட்ட வரல. எங்க வலிக்குது?”

கலீனா பெத்ரோவ்னா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“டீச்சர்... கான்ட்ராக்ட் இருக்குங்க. தூக்க ஏலாத ஆளுன்னு எழுதிட்டாங்கன்னா அனுப்பிருவாங்க. மூத்தவ இந்த வருசம் ஏ.எல். பரீட்சை எழுதுறா.”

இதற்கு எந்த அகராதியில் பதில் தேடுவது? மகேஸ் திரையை எட்டிப் பார்த்தாள்.

“புள்ள படிப்பா. நீங்க சொல்லுங்க.”

“வயித்துலதான் கொஞ்சம்...”

வயிறு! அப்பாடா, ஒரு இடம் கிடைத்துவிட்டது. அவசரத்தில் என் வாயில் வந்தது ‘ஷெலூதக்’. உடனே நர்ஸம்மா கேட்டார் — நேற்று என்ன சாப்பிட்டார்? மீனா? பழைய இறைச்சியா? அலமாரியில் இருந்து கரைத்துக் குடிக்கிற ஏதோ ஒரு பவுடர் பையை எடுத்துவிட்டார். பாருங்கள், நான் தேர்ந்தெடுத்த ஒரு சொல் அந்த அம்மாவைக் குசினிச் சாப்பாட்டுப் பக்கம் திருப்பிவிட்டது. வகுப்பில் ஒரு மார்க் போன அதே இடம்.

“இல்லை, இல்லை, மன்னியுங்கள்... ஷிவோத்! ‘நீஸ் ஷிவதா’!”

அடிவயிறு. பவுடர் பை மேசைக்குப் போனது. அந்த அம்மா எழுந்து போர்வையில் கை வைத்தார். ராஜேந்திரன் இரண்டு கையாலும் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“வேணாங்க டீச்சர். வேணாம்னு சொல்லுங்க.”

அடிவயிற்றில் எங்கே? இடமா வலமா? மேலேயா கீழேயா? நான் கேட்கக் கேட்க அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே போனார். எனக்கு அப்போதுதான் மெதுவாக உறைத்தது. கட்டில் பக்கத்தில் ஒரு பொம்பளை. போனில் இன்னொரு பொம்பளை, அதுவும் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர். வலி இருக்கிற இடம் அப்படி. அந்த மனிதர் எப்படிச் சொல்வார்?

போனை மகேஸிடம் கொடுத்தேன். கடையில் யூனிபோர்ம் துணிக்காக ஒரு சிங்கள அம்மா நின்றுகொண்டிருந்தார். “நங்கி, மீட்டர் தெகக் தென்ன” என்று இரண்டு மீட்டர் கேட்டவர், மகேஸின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

“ஏங்க, சாக்குத் தூக்க முந்தி இடுப்புக்குக் கீழ துணிய இறுக்கிக் கட்டுவீங்களே... இடுப்பு வலிக்குன்னு நெனச்சேன். அதுக்கில்லயா? கவட்டுலயா வலிக்குது?”

போர்வை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

“நான் ஒங்க பொண்டாட்டி. என்கிட்ட என்னா வெக்கம்? வாயத் தொறந்து சொல்லுங்க!”

கடை முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடியே ராஜேந்திரன் சொன்னார்.

“ஆமா. வலது பக்கம். கட்டி மாதிரி ஒன்னு. இங்க வர முந்தியே இருந்துச்சு. படுத்து அமுக்குனா உள்ள போயிரும். ராத்திரியில இருந்து... போகல மகேஸ். போகவே மாட்டேங்குது.”

போர்வையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார்.

போன் மறுபடி என் கையில். கவட்டுக்கு ரஷ்ய மொழியில் என்ன சொல்? தெரியாது. எந்தக் கவிதையிலும் அது வரவில்லை! ‘ஓச்சி’ தெரிந்து என்ன பிரயோசனம்? காலும் வயிறும் சேருகிற இடம், உட்காரும்போது மடிகிற இடம் என்று சுற்றிவளைத்தேன். சரி, கட்டிக்கு? எனக்குத் தெரிந்த ஒரே கட்டி மண்கட்டி. அதையே சொன்னேன். “அங்கே ஒரு மண்கட்டி இருக்கிறது, கலீனா பெத்ரோவ்னா. முன்பு படுத்தால் உள்ளே போகும். நேற்று இரவில் இருந்து போகவில்லை.”

என்ன அழகான ரஷ்ய மொழி! ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. முகம் இறுகியது.

“பாஹ்!” என்றார். கவட்டுக்கு அதுதான் சொல்லாம். இத்தனை வயதில் கற்றுக்கொண்டேன். அடுத்த சொல் ‘கிரீஷா’. அதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். குடலிறக்கம். வெளியே வந்த குடல் உள்ளே திரும்பாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது, அமுக்க வேண்டாம், அசைய வேண்டாம், தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, இப்போதே அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே இன்னொரு போனில் அம்புலன்சைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே அவர் ‘தேலா’ என்ற சொல்லைப் பாவிக்கவே இல்லை.

ராஜேந்திரனிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அனுப்பிருவாங்களா டீச்சர்?”

“மொதல்ல உயிரோட இருங்க” என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் வந்தது. பயந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

பிறகு காத்திருப்பு. மகேஸை வீட்டுக்குப் போகச் சொன்னோம், போகவில்லை. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அந்தச் சிங்கள அம்மாவுக்கு இரண்டு மீட்டர் அளந்து வெட்டினாள். வெட்டினது கோணல். அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டு, மகேஸின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், இரண்டு பேருமே குடிக்கவில்லை. போனை மேசை நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். உண்மையைச் சொல்கிறேன் — எனக்கு இருந்த பயம் அவர் செத்துவிடுவாரோ என்பது மட்டும் இல்லை. நான் ஷெலூதக் என்று சொன்னதோடு லைன் கட் ஆகியிருந்தால்?

கடை மூடுகிற நேரம் வந்தது செய்தி. கலீனா பெத்ரோவ்னாவேதான் கூப்பிட்டார். வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போயிருக்கிறார்! ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. குடல் கெட்டுப்போகவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் விட்டிருந்தால் பேச்சே இல்லை என்று டொக்டர் சொன்னாராம். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மகேஸ் அளவுகோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான். என் தம்பி கல்லாப்பெட்டிக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

வைப்பதற்கு முன்னால் அந்த அம்மா கேட்டார் — எல்லாம் சரி, ஏன் அவர் உடம்பு உடம்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்?

எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழியில் பெரட்டையும் பேரையும் பனடோலையும் விளக்கினேன். மண்கட்டி ரஷ்ய மொழிதான். ஆனால் அவருக்கு நன்றாகவே விளங்கியது.

“எங்கள் ஆட்களும் அதே மாதிரிதான்” என்றார். “இந்தக் கிடங்கில் இருக்கிற ரஷ்யர்களைக் கேட்டுப் பாருங்கள். கை முறிந்திருந்தாலும் ‘நோர்மால்னா’ என்பார்கள். எல்லாம் நோர்மல்! என் புருஷனும் நோர்மால்னா என்று சொல்லிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.”

ராஜேந்திரனைப் போய்ப் பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

மாணவியாக இருந்தபோது, ஒரே பொருள் தருகிற சொற்களில் எதை எங்கே போடுவது என்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதியிருக்கிறேன். மேல் வலியும் நோர்மால்னாவும் ஒரே பொருள் என்று எங்கேயாவது எழுதியிருப்பேனா? மாட்டேன். இப்போது யோசித்தால் இதே சொற்குடும்பத்தில் இன்னும் எவ்வளவு இருக்கின்றன! ஒபிஸ்காரர்களின் ‘லைட்டா ஒரு டென்ஷன்’. பொம்பளைகளின் ‘ஒன்னுமில்ல’. வயதானவர்களின் ‘வயசாச்சுதானே’. இடத்தைச் சொன்னால் எதையோ இழந்துவிடுவோம் என்று பயப்படுகிற எல்லோரிடமும் இப்படி ஒரு சொல் கைவசம் இருக்கிறது. அப்படிப் பயப்பட வைத்தவர்களுக்கு அது மிகவும் வசதியாகவும் இருக்கிறது.

ராஜேந்திரன் இப்போது எழுந்து நடக்கிறார். வேலை என்ன ஆகும் என்று தெரியாது. சாக்குத் தூக்காமல் பொதி செய்கிற பக்கம் மாற்றிக் கொடுக்கச் சொல்லி நர்ஸம்மா பேசிக்கொண்டிருக்கிறார். நேற்று எனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. “டீச்சர், இன்னைக்கு பெரிய டாக்டர் வந்து எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. பாஹ்னு சத்தமா சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரன் சிரிச்சான். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்.”

அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, மேல் தட்டில் இருந்த துணிச் சுருளை எடுத்துக்கொண்டு ஏணியில் இருந்து இறங்கினேன். இறங்கும்போது பழக்கப்படி ஒரு முனகல். பழக்கப்படி கைப்பிடியைப் பிடித்தேன்.

“என்ன டீச்சர்?” என்றாள் மகேஸ்.

“ஒன்னுமில்ல. வயசாச்சுதானே.”

அவள் துணி வெட்டுவதை நிறுத்தினாள். கத்தரிக்கோலை வைத்தாள். சிரிக்கவில்லை.

“எடத்த சொல்லுங்க டீச்சர்.”

வலது முழங்கால். உள்பக்கம். இறங்கும்போது மட்டும்.

உங்களுக்கு எங்கே?